கடற்கரையில் காத்திருந்த ஜனங்கள்

1973-ம் வருஷம் ஜனவரி மாதம் 1-ந் தேதி காலை. போர்ட்டோ ரிக்கோ தீவில் அது பண்டிகைக் காலம். கிறிஸ்துமஸுக்குத் தொடங்கும் கொண்டாட்டம் ஜனவரி 6-ந் தேதி மூன்று ராஜாக்கள் திருநாள் வரை அங்கே ஓயாது. கித்தாரும் மேளமுமாகப் பாட்டுக் கோஷ்டிகள் நள்ளிரவில் வந்து நண்பர்கள் வீட்டுக் கதவைத் தட்டும். தூங்குகிறவர்களை எழுப்பிப் பாட வைக்கும். ஆனால் அந்த வருஷப் பிறப்பன்று தீவில் பாட்டு எடுபடவில்லை. தலைநகர் சான் ஹுவானுக்குக் கிழக்கே பினியோனஸ் என்ற கடற்கரை இருக்கிறது. ஜனங்கள் அதை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். ஆயிரக்கணக்கில் மணலில் நின்றுகொண்டு, பேச்சு மூச்சில்லாமல் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முந்தின இரவு ஒன்பதரை மணி சுமாருக்கு அந்தக் கரைக்கு அப்பால் ஓர் ஆகாய விமானம் கடலில் விழுந்து மூழ்கியிருந்தது. அதில் இருந்தவர்கள் ஐந்து பேர். ஐவரில் ஒருவர் பேஸ்பால் ஆட்டக்காரர். வயது 38. பெயர் ரோபர்ட்டோ கிளெமென்டே.

விளையாட்டு வீரர்கள் இறப்பதும் ரசிகர்கள் வருந்துவதும் உலகத்தில் நடக்காத காரியமல்ல. பத்திரிகையில் ஒரு படம் வரும். நாலு நாள் பேசுவார்கள். பிறகு அடுத்த ஆட்டம் வந்துவிடும். இந்த மனிதர் விஷயத்தில் மட்டும் அப்படி நடக்கவில்லை. அரை நூற்றாண்டுக்கு மேல் ஆன பிறகும் அவர் பெயரைச் சொன்னால் இரண்டு ஊர்களில் பெரியவர்களின் குரல் மாறுகிறது. ஒன்று அவர் பிறந்த தீவு. மற்றொன்று அவர் ஆடிய ஊரான பிட்ஸ்பர்க். அமெரிக்காவின் எஃகு உலைகளுக்குப் பேர் போன நகரம் அது.

மூவாயிரம் என்ற எண்

பேஸ்பால் நமக்குப் பழக்கமில்லாத ஆட்டம். கிரிக்கெட்டுக்கு அமெரிக்காவில் வாழ்க்கைப்பட்ட ஒன்றுவிட்ட சகோதரி என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம். பந்தை எறிகிறவர் ஒருவர். உருண்டையான மட்டையால் அடிக்கிறவர் ஒருவர். அடித்த பந்தை எதிரிகள் எடுத்து எறிவதற்குள் முதல் முளைக்கு ஓடிச் சேர்ந்துவிட வேண்டும். எதிரியின் தவறு எதுவும் இல்லாமல், தன் அடியின் பலத்திலேயே அப்படிச் சேர்ந்தால் அதற்கு 'ஹிட்' என்று பெயர். கேட்கச் சுலபமாக இருக்கிறது. ஆனால் பத்து முறை மட்டை பிடித்து மூன்று முறை இதைச் செய்கிறவரை அந்த நாட்டில் பெரிய ஆட்டக்காரர் என்கிறார்கள். பத்தில் ஏழு முறை தோற்கிறவனைக் கொண்டாடுகிற விளையாட்டு வேறு எதுவும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

அதில் மூவாயிரம் 'ஹிட்' எடுப்பது என்றால் பதினைந்து, இருபது வருஷ உழைப்பு. 1972-ம் வருஷத்துக்கு முன்னால் அந்த எண்ணை எட்டியவர்கள் பத்தே பேர்.

அந்த வருஷம் செப்டம்பர் 29-ந் தேதி பிட்ஸ்பர்க் மைதானத்தில் கிளெமென்டே 2999-ல் நின்றார். அன்று அவர் அடித்த ஒரு பந்தை எதிரி ஆட்டக்காரர் கைதவற விட்டார். கூட்டம் ஆரவாரம் செய்தது. ஆனால் கணக்கு எழுதுகிற அதிகாரி அதை எதிரியின் தவறு என்று தீர்த்துவிட்டார். கிளெமென்டேக்குக் கோபம் வந்தது. மறுநாள் செப்டம்பர் 30. நியூயார்க் மெட்ஸ் கோஷ்டியின் ஜான் மாட்லாக் எறிந்த பந்தை அடித்தார் பாருங்கள்! பந்து இடது மைதானத்துப் பக்கம் போய் விழுந்தது. இரண்டாவது முளையில் போய் நின்று தொப்பியைக் கழற்றி ஜனங்களுக்கு வந்தனம் செய்தார். எதிர்க் கட்சியில் இருந்த புகழ்பெற்ற வில்லி மேஸ் வந்து கை குலுக்கினார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. வேடிக்கை என்பதை விட வேதனை என்று சொல்லலாம். அன்று மைதானத்தில் இருந்தவர்கள் 13,117 பேர். அந்த மைதானம் சுமார் 50,000 பேர் கொள்ளும். முக்கால்வாசி நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. அடுத்த வருஷமும் வருவார், இன்னும் பல 'ஹிட்' அடிப்பார், பார்த்துக்கொள்ளலாம் என்று ஊர் இருந்துவிட்டது. அதற்கு மேல் ஒரு 'ஹிட்' கூட அந்தக் கணக்கில் ஏறவில்லை. பிற்பாடு நடந்த தேர்வுப் பந்தயங்களின் கணக்கு தனி. சாதாரணப் பருவத்தின் கணக்கு சரியாக மூவாயிரத்தில் நின்றுவிட்டது.

கரும்புத் தோட்டத்துப் பையன்

1934-ம் வருஷம் ஆகஸ்டு 18-ந் தேதி போர்ட்டோ ரிக்கோவில் கரோலினா என்ற ஊரில் பிறந்தார். தகப்பனார் மெல்கோர் கரும்பு வேலையாட்களுக்கு மேஸ்திரி. வீட்டில் இவர்தான் கடைக்குட்டி. பந்து வாங்கக் காசில்லாமல் கந்தலைச் சுற்றிப் பந்தாக்கி, மரக்கிளையை மட்டையாக்கி விளையாடிய பிள்ளை. பள்ளிக்கூடத்தில் ஈட்டி எறிந்து பழகிய கை அது. பிற்காலத்தில் மைதானத்தின் வலது கோடியிலிருந்து அந்தக் கை பந்தை எறியும்போது, முளைக்கு ஓடிக்கொண்டிருந்த எதிரிகள் நடுவழியில் திரும்பிப் பார்த்துத் திகைத்தார்கள். 'அவர் கையில் பந்து போய்விட்டதா, ஓடாதே' என்பது மற்றக் கோஷ்டிகளுக்குப் பாடமாகிவிட்டது. வலது மைதானக் காவலுக்காக 'தங்கக் கையுறை' என்ற பரிசை 12 வருஷம் தொடர்ந்து வாங்கியவர்.

பிட்ஸ்பர்க் பைரட்ஸ் கோஷ்டியில் 1955-ல் சேர்ந்தார். பதினெட்டு பருவங்களும் அதே கோஷ்டிதான். மட்டையடிப்பில் லீகிலேயே முதலிடம் என்ற பட்டத்தை நாலு தடவை பெற்றார். 1966-ல் லீகின் தலைசிறந்த ஆட்டக்காரர் ஆனார். 1960-லும் 1971-லும் அவர் கோஷ்டி உலகத் தொடர் என்ற பெரிய பந்தயத்தை வென்றது. இரண்டிலும் ஏழேழு ஆட்டங்கள். பதினாலிலும் அவர் 'ஹிட்' எடுத்திருக்கிறார்.

எண்களை இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். ரசிகர்கள் நினைவில் வைத்திருப்பது எண்களை அல்ல. மட்டை பிடிக்க வரும்போது கழுத்தை இப்படியும் அப்படியும் சுளுக்கெடுப்பது போலத் திருப்புவார். 1954 டிசம்பரில், சாகக் கிடந்த தமையனைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது குடிபோதையில் வந்த ஒருவன் இவர் கார் மீது மோதினான். அன்று முதல் முதுகுவலி. அந்தக் கழுத்துத் திருப்பலைப் பிட்ஸ்பர்க் பையன்கள் எல்லோரும் தெருவில் மட்டை பிடிக்கும்போது செய்து பார்ப்பார்களாம். வலி அவருக்கு, பாவனை அவர்களுக்கு! ஓடும்போது தலையிலிருந்து தொப்பி பறக்கும். எட்டாத பந்தையும் எட்டி அடிப்பார். ரேடியோ வர்ணனையாளர் பாப் பிரின்ஸ், அவர் மட்டையோடு வரும்போது ஸ்பானிஷ் மொழியில் 'அர்ரீபா!' என்று கூவுவார். 'எழும்பு, மேலே!' என்று அர்த்தம். எஃகு ஆலைத் தொழிலாளி வீட்டு அடுப்பங்கரைகளில் எல்லாம் அந்த ஒரு ஸ்பானிஷ் வார்த்தை புகுந்துவிட்டது.

பெயரைத் திருத்தியவர்கள்

ஆனால் அந்த நாட்டுப் பத்திரிகைகளுக்கு அவர் பெயரைச் சரியாகச் சொல்லவே வெகு காலம் ஆயிற்று. 'ரோபர்ட்டோ' என்பது வாயில் நுழையவில்லையா, நுழைய விடவில்லையா, தெரியாது. 'பாப்' என்றும் 'பாபி' என்றும் ஆக்கிவிட்டார்கள். சிறுவர்கள் சேர்த்து வைக்கும் ஆட்டக்காரர் படச் சீட்டுகளில் 1969 வரையில் 'பாப் கிளெமென்டே' என்றே அச்சாகிவந்தது. 'என் பெயர் ரோபர்ட்டோ' என்று அவர் சொல்லிச் சொல்லிப் பார்த்தார்.

அது மட்டுமா? 1961-ல் பெரிய ஆட்டக்காரர்கள் எல்லாம் கலந்துகொள்ளும் 'ஆல் ஸ்டார்' பந்தயத்தில் வெற்றி ஓட்டத்துக்குக் காரணமான அடி இவருடையது. மறுநாள் பத்திரிகைகள் இவர் பேச்சை எப்படி வெளியிட்டன தெரியுமா? 'ஹிட்' என்று சொன்னதை 'ஹீட்' என்று எழுத்துக் கூட்டி, அவருடைய உச்சரிப்பைக் கேலிச் சித்திரம் போல அச்சில் போட்டார்கள். இரண்டாம் பாஷையில் தடுமாறுகிறவனைப் பார்த்துச் சிரிக்கும் வழக்கம் நம் ஊர்க் கல்லூரி வராந்தாக்களுக்கும் புதிதல்ல. நானும் சிரித்திருக்கிறேன், என்னைப் பார்த்தும் சிரித்திருக்கிறார்கள். ஆனால் பத்திரிகையில் அச்சேறிய சிரிப்பு அப்படி லேசாகப் போய்விடாது. எழுதிப் பிழைக்கிற எங்கள் ஜாதி இந்த விஷயத்தில் தலை குனிய வேண்டியதுதான்.

உடம்பு வலிக்கிறது என்று சொன்னால் 'பாசாங்கு' என்று எழுதினார்கள். தென் பிரதேசங்களில் பயிற்சிக்குப் போனால், வெள்ளைக்கார ஆட்டக்காரர்கள் ஓட்டலில் சாப்பிட, கறுப்பு ஆட்டக்காரர்கள் வெளியே பஸ்ஸில் காத்திருக்க வேண்டும். கறுப்பராகவும் ஸ்பானிஷ் பேசுகிறவராகவும் இருந்தவருக்கு இரட்டைச் சுமை. 1960-ல் கோஷ்டி உலகத் தொடரை வென்றபோது, சிறந்த ஆட்டக்காரருக்கான வோட்டில் இவருக்கு எட்டாவது இடம் கொடுத்தார்கள். அந்தத் தொடரின் வெற்றி மோதிரத்தை இவர் அணியவே மறுத்துவிட்டார்.

சாந்த சொரூபி என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். கோபக்காரர். 1963-ல் ஒரு நடுவர் மேல் கை பட்டதற்காகத் தண்டனையும் அடைந்தவர். பத்திரிகைக்காரர்களோடு கூச்சல் போட்டுச் சண்டை பிடிப்பார். 'என்னை விடச் சிறந்த வலது மைதானக்காரன் யார், சொல்' என்று கேட்பார். இறந்தவர்களைப் பற்றி எழுதும்போது கோண மாணல்களை எல்லாம் நிமிர்த்திவிடுவது வழக்கம். இந்த மனிதரை நிமிர்த்தினால் அவர் அவராக இருக்கமாட்டார்.

ரசிகர்களிடம் மட்டும் அவர் கோபம் செல்லாது. 1960-ல் உலகத் தொடரை வென்ற மாலை, ஆட்டக்காரர்களின் அறையில் ஷாம்பேன் பாய்ந்துகொண்டிருந்தது. இவர் அங்கே நிற்கவில்லை. ஊருக்குத் திரும்பும் விமானத்தைப் பிடிக்கக் கிளம்பியவர், வழியில் மைதானத்துக்குப் பக்கத்திலிருந்த பூங்காவில் கூத்தாடிய ஜனங்களோடு கலந்துவிட்டார். அவர்களில் ஒருவனாக நடந்ததுதான் தனக்குப் பெரிய சந்தோஷம் என்று பின்னால் சொன்னார். வெளியூர் ஆட்டத்துக்குப் போகும்போது, வந்த ரசிகர் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்து வைத்துக்கொள்வார். அந்தந்த ஊரில் நோயாகக் கிடக்கும் குழந்தைகளின் கடிதங்களை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவார். போட்டோ பிடிப்பவர்களை அழைத்துக்கொண்டு போவதில்லை.

1971-ல் உலகத் தொடரின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்ற பட்டம் கிடைத்தது. வெற்றிக்குப் பின் டெலிவிஷன்காரர்கள் ஒலிபெருக்கியை நீட்டினார்கள். அமெரிக்கா பூராவும் பார்த்துக்கொண்டிருந்தது. ஆங்கிலத்தில் பேசுவதற்கு முன் இரண்டு வார்த்தை என்று சொல்லி, ஸ்பானிஷ் மொழியில் பேசினார். தன் வாழ்க்கையின் பெரிய நாளில் தன் குழந்தைகளுக்கு ஆசி கூறினார். தன் தாய் தந்தையரின் ஆசியைக் கேட்டார். அந்தத் தீவில் பெரியவர்களைக் கண்டால் பிள்ளைகள் ஆசி கேட்பது பழைய வழக்கம். நமக்கு விளக்கவே வேண்டியதில்லை. எந்தப் பாஷையைக் கேலி செய்தார்களோ அந்தப் பாஷையை அவர்கள் வரவேற்பறைக்கே கொண்டுபோய் ஒலிக்கச் செய்தார். தீவில் அன்று டெலிவிஷன் முன் உட்கார்ந்திருந்தவர்களில் எத்தனை பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பார்கள்!

அந்தக் கடைசி ராத்திரி

1972 டிசம்பர் 23-ந் தேதி நள்ளிரவுக்குப் பின் மத்திய அமெரிக்காவில் நிகராகுவா நாட்டுத் தலைநகர் மனாகுவாவைப் பூகம்பம் புரட்டிப் போட்டது. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். நகரத்தின் நடுப்பகுதி குப்பைமேடாயிற்று. அதற்குச் சில வாரங்களுக்கு முன்தான் ஓர் அமெச்சூர் பந்தயத்துக்காகப் போர்ட்டோ ரிக்கோ கோஷ்டியை நடத்திக்கொண்டு கிளெமென்டே அந்த ஊரில் தங்கியிருந்தார். கால் இழந்த ஒரு பையனோடு அங்கே சிநேகமாகி, அவனுக்குச் செயற்கைக் கால்களுக்கு ஏற்பாடு செய்துவிட்டு வந்திருந்தார். கடைத்தெருவில் பழகிய முகங்கள், ஆஸ்பத்திரியில் பார்த்த முகங்கள் எல்லாம் அந்த இடிபாட்டுக்குள் இருந்தன.

உடனே நிவாரணக் கமிட்டிக்குத் தலைமை ஏற்றார். டெலிவிஷனில் பேசினார், வீடு வீடாகக் கேட்டார், பண்டிகை நாட்களை சான் ஹுவான் மைதானத்து வெளியில் மூட்டைகளோடு கழித்தார். ஜனங்கள் துணியும் உணவும் மருந்துமாகக் கொண்டுவந்து குவித்தார்கள். முதலில் போன விமானங்களின் சாமான்கள் ஜனங்களிடம் போய்ச் சேரவில்லை, சர்வாதிகாரி சொமோசாவின் ராணுவத்தார் நடுவிலேயே எடுத்துக்கொள்கிறார்கள் என்று செய்தி வந்தது. 'நானே போகிறேன். என் கண் முன்னால் எவன் திருடுவான்?' என்று முடிவு செய்தார். கோபக்காரர் என்று சொன்னேன் அல்லவா? அந்தக் கோபம்தான் அவரை விமானத்தில் ஏற்றியது.

விமானம் டி.சி.-7 ரகம், நாலு இன்ஜின் கொண்ட பழைய வண்டி. அதே டிசம்பர் மாதத் தொடக்கத்தில் ஒரு பள்ளத்தில் இறங்கிச் சேதமடைந்திருந்தது. அன்று அனுமதிக்கப்பட்ட எடைக்கு மேல் 4,000 பவுண்டுக்கும் அதிகமாகச் சாமான் ஏற்றியிருந்தார்கள். விமான ஓட்டிக்குப் பக்கத்து ஆசனத்தில் உட்கார்ந்தவர் விமானத்தின் சொந்தக்காரர். அந்த வேலைக்குத் தகுதி பெற்றவர் அல்ல. பகல் முழுவதும் கோளாறு, தாமதம். ராத்திரி 9-20-க்கு ஒருவழியாகக் கிளம்பியது. சில நிமிஷங்களில் கடலில் விழுந்தது. பூகம்பம் தெய்வச் செயல் என்று விட்டுவிடலாம். இதை அப்படி விட முடியாது. இது மனிதர்களின் அஜாக்கிரதை.

டாம் வாக்கர் என்ற இளம் பந்து வீச்சாளர் சாமான் ஏற்ற உதவிசெய்துவிட்டுத் தானும் வருவதாகச் சொன்னாராம். 'நீ கல்யாணமாகாத பையன். இங்கேயே இருந்து புது வருஷம் கொண்டாடு' என்று கிளெமென்டே அவரை இறக்கிவிட்டார். அந்த டாம் வாக்கருக்குப் பின்னால் ஒரு மகன் பிறந்தான். நீல் வாக்கர் என்ற அந்தப் பிள்ளை வளர்ந்து அதே பிட்ஸ்பர்க் பைரட்ஸ் கோஷ்டியில் ஆடினார். கிளெமென்டேயின் மூத்த மகனுக்கு அப்போது ஏழு வயது. அப்பா போகும் விமானம் விழப் போகிறது என்று அந்தக் குழந்தை அன்று சொல்லிக்கொண்டிருந்ததாகக் குடும்பத்தார் பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். நம்புகிறவர்கள் நம்பலாம்.

முங்கித் தேடிய சிநேகிதர்

கடற்கரைக்குத் திரும்புவோம். கடலோரக் காவல் படையும் முங்குவோரும் நாள் கணக்கில் தேடினார்கள். மனைவி வேரா கரைக்கு வந்து நின்றார். விமான ஓட்டியின் உடல் அகப்பட்டது. கிளெமென்டேயின் கைப்பெட்டி அகப்பட்டது. அவர் அகப்படவில்லை. கரையில் நின்ற ஜனங்களில் சிலர், இத்தனை பலசாலி நீந்தி எங்கேயாவது கரை ஏறியிருப்பார் என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கையை யாரும் கண்டிக்கவும் இல்லை.

தீவில் மூன்று நாள் துக்கம் அனுஷ்டிக்கப்பட்டது. ஜனவரி 2-ந் தேதி பதவி ஏற்ற புதிய கவர்னர் கேளிக்கைகளை ரத்துசெய்தார். பிட்ஸ்பர்க்கில் நகரத்தை நோக்கி நிற்கும் வாஷிங்டன் குன்றின் மேல் பெரிய மின்விளக்கு விளம்பரப் பலகை ஒன்று உண்டு. அதில் விளம்பரத்தை எடுத்துவிட்டு, 'போய் வா, நண்பா ரோபர்ட்டோ' என்று ஸ்பானிஷ் மொழியில் எழுத்துகளை எரியவிட்டார்கள். கவனியுங்கள்: 'பாப்' அல்ல, 'ரோபர்ட்டோ'!

ஜனவரி 4-ந் தேதி கரோலினாவில், அவர் கல்யாணம் நடந்த அதே மாதா கோயிலில் பிரார்த்தனை. பிட்ஸ்பர்க்கிலிருந்து தனி விமானத்தில் கோஷ்டியார் எல்லோரும் வந்திருந்தார்கள். ஒருவர் மட்டும் கோயிலுக்கு வரவில்லை. மானி சாங்கியன் என்ற பனாமா தேசத்துக்காரர். பைரட்ஸ் கோஷ்டியின் பந்து பிடிப்பாளர். கிளெமென்டேக்குத் தம்பி மாதிரி. அவர் அந்நேரம் பினியோனஸ் கடலில் முங்குவோரோடு சேர்ந்து முங்கித் தேடிக்கொண்டிருந்தார். ஆயிரம் இரங்கல் உரைகளை விட எனக்கு இந்த ஒரு செய்தி பெரிதாகப் படுகிறது.

வெண்கலத்தில் எழுதிய பெயர்

ஓய்வு பெற்று ஐந்து வருஷம் கழித்துத்தான் பேஸ்பால் புகழ் மண்டபத்தில் ஒருவரைச் சேர்ப்பது என்று விதி. நோய்வாய்ப்பட்டு ஆட்டத்தை விட்ட லூ கெரிக்கை மட்டும் 1939-ல் காத்திருக்க வைக்காமல் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். இப்போது கிளெமென்டேக்காக அந்த விதியைத் தளர்த்தினார்கள். 1973 மார்ச்சில் பத்திரிகையாளர்கள் போட்ட 424 வோட்டுகளில் 393 கிளெமென்டேக்கு. ஆம், அதே பத்திரிகையாளர்கள்தான்! லத்தீன் அமெரிக்காவிலிருந்து அந்த மண்டபத்தில் இடம் பெற்ற முதல் ஆட்டக்காரர் அவர்.

அங்கேயும் பெயர்க் குழப்பம் விட்டபாடில்லை. ஸ்பானிஷ் வழக்கப்படி தகப்பன் வழிப் பெயர் முன்னால், தாய் வழிப் பெயர் பின்னால். 'ரோபர்ட்டோ கிளெமென்டே வாக்கர்' என்பதே சரி. மண்டபத்தில் பதித்த தகட்டில் அமெரிக்க முறைப்படி 'ரோபர்ட்டோ வாக்கர் கிளெமென்டே' என்று செதுக்கிவிட்டார்கள். 2000-ம் வருஷம்தான் புதுத் தகடு செய்து மாற்றினார்கள். 27 வருஷம் ஆயிற்று! கிளெமென்டேயின் சட்டை எண் 21. அந்த முழுப் பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் எழுத்துகளும் 21 என்று ரசிகர்கள் கணக்குச் சொல்வார்கள்.

அந்த 21 என்ற எண் தனியாக ஒரு சரித்திரம் ஆகிவிட்டது. பிட்ஸ்பர்க் கோஷ்டி 1973-லேயே அதை வேறு யாருக்கும் தருவதில்லை என்று ஒதுக்கிவிட்டது. 2001-ல் திறந்த புதிய மைதானத்தில் வலது மைதானத்து மதிலின் உயரம் 21 அடி. மைதானத்துக்குப் போகும் ஆற்றுப் பாலத்துக்கு 1998-ல் அவர் பெயரை வைத்தார்கள். ஆட்டத்தன்று மாலை குடும்பம் குடும்பமாக ஜனங்கள் அந்தப் பாலத்தின் மேல் நடந்துதான் போகிறார்கள். அவர் ஆடியதைப் பார்த்தவர்கள் அந்தக் கூட்டத்தில் வருஷா வருஷம் குறைந்துவருகிறார்கள். பிறர்க்கு உதவும் ஆட்டக்காரருக்கு ஆண்டுதோறும் தரும் பரிசும் அவர் பெயரில்தான் இருக்கிறது. நிகராகுவாவில், மஸாயா நகரத்து மைதானத்துக்கும் அவர் பெயர். சாமான் போய்ச் சேரவில்லை. பெயர் போய்ச் சேர்ந்துவிட்டது.

எல்லாம் நன்றாகவே நடந்தன என்று சொல்வதற்கில்லை. ஏழைப் பிள்ளைகள் விளையாடிப் பழக ஒரு 'விளையாட்டு நகரம்' கட்ட வேண்டும் என்பது அவருடைய பெரிய கனவு. அவர் போன பிறகு வேரா பாடுபட்டு கரோலினாவில் அதை அமைத்தார். பெர்னி வில்லியம்ஸ், இவான் ரோட்ரிகஸ் போன்ற பிற்காலப் பெரிய ஆட்டக்காரர்கள் அங்கே ஆடிப் பழகியவர்கள்தான். ஆனால் பிறகு பணமில்லை, பராமரிப்பில்லை. புல்லும் புதரும் மண்டிவிட்டன. 2017-ல் வந்த புயல் மிச்சத்தையும் சிதைத்தது. வேரா 2019 நவம்பரில் காலமானார். சிலைக்குக் கிடைக்கும் பணம் மைதானத்துக்குக் கிடைப்பதில்லை. இது எந்தத் தேசத்திலும் உள்ள வியாதி போலிருக்கிறது.

2025-ம் வருஷம் ஏப்ரலில் நடந்தது இன்னும் சுவாரசியம். பிட்ஸ்பர்க் மைதானத்து வலது மதிலில் அவருடைய 21 என்ற சின்னம் இருந்த இடத்தில், ஒரு மதுபானத்தின் விளம்பரம் முளைத்துவிட்டது! ரசிகர்கள் சும்மா இருப்பார்களா? அவரை ஒரு நாளும் ஆடிப் பார்த்திராத பிள்ளைகள்கூடக் கொதித்து எழுந்தார்கள். குடும்பத்தாருக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று மகன் ரோபர்ட்டோ வருத்தம் தெரிவித்தார். சில நாட்களுக்குள் கோஷ்டி நிர்வாகம் தவறை ஒப்புக்கொண்டு சின்னத்தைப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டது. ஐம்பத்திரண்டு வருஷத்துக்கு முன் கடலில் மறைந்தவருக்காக ஓர் ஊர் சண்டை போட்டு ஜெயித்தது.

அந்த மைதானத்தில் நடு வெளிக்குப் பின்னால் இறைச்சி சுட்டு விற்கும் ஒரு கடை. அதற்கு மானி சாங்கியனின் பெயர். ஜனவரி 4-ந் தேதி கோயிலுக்கு வராமல் கடலில் முங்கிய அதே மானிதான். பல பருவங்கள் அவர் அந்தக் கடைப் பக்கம் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, வருகிறவர்களுக்கெல்லாம் சிரித்த முகத்தோடு கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவந்தார். ரோபர்ட்டோவைப் பற்றி யாராவது கேட்டால், கையெழுத்தை நிறுத்திவிட்டுப் பேச ஆரம்பித்துவிடுவார்.